டிரைவர் இல்லாத வண்டிகளும் கொங்கு நகரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கம் கட்டடம் கட்டுபவர்கள், பள்ளி, மில் நிர்வாகிகள், வார்டில் ரோட்டுப் பிரச்சினை பேசுபவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கணக்குப் போட வேண்டிய இடத்தில் கணக்கையும் போட்டிருக்கிறோம். உங்கள் ஊர் எண்களை வைத்து மாற்றிப் பார்க்கலாம்.

என் காரிலேயே ஏடாஸ் (ஓட்டுபவருக்கு உதவும் கேமரா, சென்சார் ஏற்பாடு) இருக்கிறது. அதுவும் டிரைவர் இல்லாத வண்டிதானா?

இல்லை. எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகள் உண்டு. இங்கே ஷோரூமில் கிடைக்கும் ஏடாஸ் கார்கள் 2-ஆம் நிலை வரைதான். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். வெள்ளைக்கோட்டுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரோட்டைப் பார்க்க வேண்டியவரும் பொறுப்பு ஏற்க வேண்டியவரும் ஓட்டுபவர்தான். 4-ஆம் நிலையில், வரையறுத்த பகுதிக்குள் ஆளே தேவையில்லை. எந்த ரோட்டிலும் எந்த மழையிலும் ஓடும் 5-ஆம் நிலை வண்டி உலகில் எங்கும் இல்லை.

நகர அமைப்பை மாற்றப்போவது 4-ஆம் நிலைதான். ஆளை இறக்கிவிட்டு வண்டி மட்டும் தனியாகப் போக முடிவது அங்கிருந்துதான். கீழே வரும் எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு வசதியிலிருந்து கிளம்புபவை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

பொது ரோட்டில் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் லைசென்ஸ் உள்ள ஒரு டிரைவரை வைத்தே எழுதப்பட்டது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 2பி பிரிவு, ஆராய்ச்சிக்காகச் சில வண்டிகளுக்கு விலக்கு தர மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. சோதனைக்கு அந்தக் கதவு உண்டு. டிரைவர்களின் வேலை போய்விடும் என்பதால் இவற்றை அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017 முதல் சொல்லி வருகிறார். தனித் தடத்தில் ஓடுவது வேறு விஷயம்: டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் 2020 டிசம்பரிலிருந்தே டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது.

எந்த வருடம் கோவைக்கு வரும் என்று தேதி சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் இன்று அஸ்திவாரம் போடும் வணிக வளாகம் 2075-லும் நிற்கும். இன்று போடும் லேஅவுட்டின் ரோட்டு அகலத்தைப் பிறகு யாரும் மாற்றப்போவதில்லை. இப்போதே யோசிக்கச் சொல்வது அதனால்தான்.

ரோட்டில் நெரிசல் குறையுமா?

விளம்பரத்தில் சொல்லும் கணக்கு இது. மனிதர் ஓட்டும்போது இரண்டு கார்களுக்கு நடுவே சுமார் 2 விநாடி இடைவெளி. ஒரு லேனில் மணிக்கு 1,800 கார். கம்ப்யூட்டர் ஓட்டினால் 1 விநாடி போதும், 3,600 கார். ரோட்டை அகலப்படுத்தாமலே இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கு மூன்று இடத்தில் உதைக்கிறது. முதலாவது, 1 விநாடி இடைவெளி கிடைக்க லேனில் எல்லா வண்டியும் அதே ரகமாக இருக்க வேண்டும். நம் ரோட்டில் காருக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர் புகுந்துவிடும், வண்டி பிரேக் போடும், பின்னால் வருவதும் போடும். இரண்டாவது, நகரத்தில் நெரிசலைத் தீர்மானிப்பது ஜங்ஷன், ஓடும் லேன் அல்ல. கோவை அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. மேலே வேகமாக வருவதெல்லாம் இறங்குதளம் முடியும் இடத்தில் கீழ் ரோட்டுடன் கலந்தாக வேண்டும். மேலே லேன் கொள்ளளவு கூடக்கூட, அந்த இறங்குமிடத்தில்தான் வரிசை நீளும்.

மூன்றாவதுதான் பெரியது: காலி ஓட்டம். கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமாக டிரைவர் வைத்துக் கொடுத்து, டிரைவர் இல்லாத கார் இருந்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி அவர்களுடைய கார் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடியது. பிள்ளையை இறக்க, பார்சல் வாங்க, ஆளில்லாமல் வீடு திரும்ப என்று கார் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருக்கும் வீடுகளில் கார் ஒரு நாளில் எத்தனை நடை போகிறது என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

லிஸ்பன் நகரை வைத்து சர்வதேசப் போக்குவரத்து மன்றம் 2015-ல் போட்ட மாதிரிக் கணக்கும் இருக்கிறது. பலர் சேர்ந்து பயணிக்கும் ஆளில்லா டாக்சியும் மெட்ரோ போன்ற பெரிய பொதுப் போக்குவரத்தும் ஒன்றாக இருந்தால் பத்தில் ஒன்பது கார்களை ரோட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றது அது. இதை மட்டும் எடுத்துப் பரப்புகிறார்கள். அதே கணக்கில் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரம் அப்போதும் குறையவில்லை. பொதுப் போக்குவரத்து இல்லாமல் தனித்தனியாகப் போனால் தூரம் இரண்டு மடங்கை நெருங்கியது.

ஒரு லேனில் மணிக்கு 1,800 கார், காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 2,700 பேர். அதே லேனில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 3,600 பேர். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே கிடையாது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்குத் தனி லேன் ஒதுக்க எந்தக் கம்ப்யூட்டரும் வர வேண்டியதில்லை.

பார்க்கிங் இடமெல்லாம் மிச்சமாகுமா?

ஒரு பகுதி மிச்சமாகும், எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், 12.5 சதுர மீட்டர் போதும். வந்துபோகும் வழியோடு சேர்த்தால் திறந்தவெளியில் 23, தரைத்தளக் கூரைக்குக் கீழே 28, பேஸ்மென்ட்டில் 32 சதுர மீட்டர் என்று திட்டமிடுவது வழக்கம். திறந்தவெளியில் பாதிக்குச் சற்றுக் குறைவு, மற்ற இரண்டிலும் பாதிக்கு மேல் வழிதான். டிரைவர் இல்லாத கார் கதவு திறக்க இடம் கேட்காது. வெளியே போக வேண்டிய கார் வரும்போது முன்னால் நிற்பவை தாமே நகர்ந்து வழிவிடும். டொரண்டோ பல்கலைக்கழகத்தினர் 2018-ல் போட்ட கணக்கில் இப்படி அடுக்கினால் இடம் சராசரியாக 62 சதவீதம் குறைகிறது.

ஆனால் ஒரே வாகன நிறுத்தத்தில் எல்லாமே அந்த ரகமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நடுவில் ஒரு சாதாரண கார் நின்றால் மொத்த அடுக்கும் பூட்டிக்கொள்ளும். கிராஸ்கட் ரோட்டில் நிறுத்துவதில் பெரும்பங்கு டூவீலர்; அது இந்தத் தொழில்நுட்பத்தில் எங்கும் போகப்போவதில்லை.

இன்னொரு சிக்கல் கட்டணம். மணிக்கு 40 ரூபாய் பார்க்கிங், மெதுவாக ஊர்ந்து சுற்றினால் மின்சாரச் செலவு அதைவிடக் குறைவு என்றால், கார் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 2019-ல் ஆடம் மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவை வைத்துக் காட்டியது இதைத்தான். ஆர்.எஸ்.புரம் பல அடுக்கு பார்க்கிங் காலியாகக் கிடக்க, டி.பி. ரோட்டில் ஆளில்லாத கார்கள் வட்டம் போட்டால் யாருக்கு லாபம்? ஆளில்லாமல் ஓடும் கிலோமீட்டருக்குத் தனிக் கட்டணம் இல்லாமல் எந்த மாநகராட்சியும் இவற்றை உள்ளே விடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

இப்போது வணிகக் கட்டடம் கட்டுகிறேன். பார்க்கிங் தளத்தைப் பின்னால் கடையாகவோ ஆபீஸாகவோ மாற்றும்படி கட்ட முடியுமா?

முடியும். வரைபடத்திலேயே முடிவு செய்தால் கூடுதல் செலவு தாங்கக்கூடியது. கட்டிய பிறகு முடியாது. இதில் தவறுபவர்கள்தான் அதிகம், அதனால் விரிவாகச் சொல்கிறோம்.

உயரம்: பார்க்கிங் தளத்துக்கு பீமின் அடியில் 2.2 முதல் 2.4 மீட்டர் விட்டு முடித்துவிடுவார்கள். மனிதர் புழங்கும் அறைக்குத் தேசியக் கட்டட விதி கேட்பது 2.75 மீட்டர். அதற்கு மேல் ஏசி டக்ட், ஸ்பிரிங்க்ளர் குழாய் போக வேண்டும். தளத்துக்குத் தளம் 3.6 மீட்டராவது வையுங்கள்.

பாரம்: எல்லோரும் கார் கனமானது, கடை லேசானது என்று நினைக்கிறார்கள். கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தில் சிறு கார்கள் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன்தான்; சில்லறைக் கடைக்கு 4. துணி கட்டுக்கட்டாக அடுக்கும் குடோன் என்றால் இன்னும் மேலே. 2.5-க்கு டிசைன் செய்த ஸ்லாபில் பிறகு ஜவுளிக்கடை வைத்தால் விரிசல் விடலாம். ஆரம்பத்திலேயே 4-க்கு டிசைன் செய்யச் சொல்லி, அதை ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் எழுதி வாங்குங்கள்.

ரேம்ப்: தளமே சரிவாக ஏறிப்போகும் வகையில் கட்டினால் அது என்றைக்கும் பார்க்கிங்தான். தளங்களைச் சமமாக வைத்து, ரேம்ப்பை ஒரு ஓரத்தில் தனியாக, தேவைப்பட்டால் இடித்து எடுக்கும்படி வையுங்கள். தண்ணீர் ஓட விடும் சரிவையும் ஸ்லாபில் கொடுக்காமல் மேல்பூச்சில் கொடுத்தால் பிறகு பெயர்த்துவிடலாம்.

குழாய்வழி: டாய்லெட், ஏசிக்கு வேண்டிய ஓட்டைகளை ஸ்லாபில் ஸ்லீவ் வைத்து மூடிவையுங்கள். பிறகு கோர் கட்டிங் போட்டால் கம்பியை அறுத்துவிடுவார்கள். சார்ஜிங்குக்குக் காலி கண்டியூட் (வயர் இழுக்கும் குழாய்) இப்போதே ஓட்டுங்கள்.

பேஸ்மென்ட்டை இப்படி மாற்ற நினைக்காதீர்கள். வெளிச்சம், காற்று, தீயணைப்பு மூன்றுமே இடிக்கும். முடிந்தால் பேஸ்மென்ட் இரண்டு வேண்டாம், மேலே இரண்டு தளம் பார்க்கிங் போதும்.

பள்ளி நடத்துகிறோம். இறக்கிவிடும் இடம் எவ்வளவு நீளம் வேண்டும்?

பார்க்கிங் குறையும்போது அந்த நெருக்கடி அப்படியே கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். கணக்கு எளிது. காலை 20 நிமிடத்தில் 200 கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 10. ஒரு கார் ஒன்றரை நிமிடம் நின்றால் எந்த நேரத்திலும் சராசரியாக 15 கார் நிற்கும். வண்டிகள் சீராக வருவதில்லை, கும்பலாக வரும்; நூற்றில் 95 தடவை சமாளிக்க 22 இடம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நுழைந்து விலக 7 மீட்டர். ஆக 154 மீட்டர். இவ்வளவு முகப்பு எந்தப் பள்ளிக்கும் இருக்காது.

நிற்கும் நேரத்தை 45 விநாடியாக்கினால் 12 இடம், 84 மீட்டர் போதும். அதனால் இடம் வாங்கும் முன் நேரத்தைக் குறையுங்கள். நேரத்தைத் தின்பவை: டிக்கியில் வைத்த பை, ரோட்டுப் பக்கக் கதவு வழியாக இறங்கும் பிள்ளை, ஆயாவிடம் கைமாற்றும்போது நடக்கும் பேச்சு. டிரைவர் இல்லாத வண்டியில் இன்னொன்று சேரும்: கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அது நகராது, இறங்கி வந்து சாத்த உள்ளே ஆளும் இல்லை. நடைபாதைப் பக்கம் ஒரு உதவியாளர் நின்றாக வேண்டும்.

இடம் நிறைந்திருக்கும்போது வரும் வண்டிக்கு 300 முதல் 500 மீட்டர் தள்ளி ஒரு காத்திருப்பு இடமும் வேண்டும். இல்லாவிட்டால் அது லேனில் நின்று முழு ரோட்டையும் அடைக்கும், அல்லது சுற்றுத் தெருவில் வட்டமிடும். கல்யாண மண்டபம், மருத்துவமனை ஓ.பி. எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். முதியவர் இறங்கும் இடத்தில் மட்டும் நிற்கும் நேரத்தை 3 நிமிடமாகப் போடுங்கள்.

நம் ரோடுகளில் எதை மாற்ற வேண்டியிருக்கும்?

முதலில் வெள்ளைக்கோடு. தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட் 2.5 மில்லிமீட்டர் கனம் வேண்டும், அதன்மேல் சதுர மீட்டருக்கு 250 கிராம் கண்ணாடி மணி தூவ வேண்டும் என்பது மத்திய சாலைத் துறையின் அளவு. மணி இல்லாத கோடு பகலில் பளிச்சென்று இருந்து இரவு மழையில் காணாமல் போகும், கேமராவுக்கும் அப்படியே. சிக்னலுக்கு முன் பஸ் பிரேக் போடும் இடத்தில்தான் கோடு முதலில் தேயும். தூசியைக் கூட்டாமல் அடித்த பெயின்ட் ஒரே மழையில் செதில் செதிலாகப் பெயரும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி பேட்ச் ஒர்க் போட்ட பிறகு கோட்டைத் திரும்பப் போடுவதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் போடமாட்டார்கள்.

அடுத்து வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவையின் (ஐ.ஆர்.சி.) 99-ஆம் விதிநூல் சொல்வது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கலாம். ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகப் போடும் ஒன்றரை அடி அகல மேடு, பெயின்ட்டும் இல்லாமல் போர்டும் இல்லாமல் இருந்தால் மனிதர் கண்ணுக்கே தெரிவதில்லை.

கோவையில் பல ஜங்ஷன்களில் சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்திருக்கிறார்கள். மனித டிரைவர் மூக்கை நீட்டி, எதிரே வருபவரைப் பார்த்துத் தலையாட்டித் திரும்பிவிடுவார். கம்ப்யூட்டர் 6, 7 விநாடி இடைவெளிக்குக் காத்திருக்கும். பீக் அவரில் அது கிடைக்காது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் அசையாது. இதற்காகவே யு-டர்னுக்கு முன் சென்டர் மீடியனைக் குடைந்து பத்து கார் நிற்கும் 70 மீட்டர் தனி லேன் தேவைப்படும். இன்றைய போக்குவரத்துக்கே அது தேவை என்பது வேறு.

லேனைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கலாமே என்று கேட்கிறார்கள். காரின் அகலம் 1.8 மீட்டருக்குள், லேன் 3.5 மீட்டர், கணக்குச் சரிதான். ஆனால் நம் ஊரில் ஒரு லேனில் காரும் அதன் பக்கத்தில் பைக்கும் போகின்றன. பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர். டூவீலருக்கு இடம் ஒதுக்காமல் லேனைக் குறுக்கினால் பைக் நடைபாதையில்தான் ஏறும்.

மழை, கரண்ட் கட், தேர்த் திருவிழா வந்தால்?

கிக்கானி பள்ளிப் பாலம், லங்கா கார்னர் போன்ற ரயில் பாலத்தடிகளில் நல்ல மழைக்குத் தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரியும். கேமராவுக்கும், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாருக்கும் தண்ணீரின் மேற்பரப்புதான் தெரியும், ஆழம் தெரியாது. தூணில் அளவுக்கோடு, நீர்மட்ட சென்சார், அது கொடுக்கும் எச்சரிக்கையை எல்லா வண்டிக்கும் அனுப்பும் ஏற்பாடு ஆகிய மூன்றும் வேண்டும். இன்று ஓடும் 108 ஆம்புலன்சுக்கும் அது உதவும்.

கரண்ட் விஷயத்தில் 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நல்ல பாடம் கொடுத்தது. துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து சிக்னல்கள் அணைந்ததும் வேமோ நிறுவனத்தின் ஆளில்லா டாக்சிகள் பல ஜங்ஷன்களில் அப்படியே நின்று வழியை மறித்தன. சேவையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மாதாந்திர ஷட்டவுன் வரும் ஊரில் ஒவ்வொரு சிக்னலுக்கும் பேட்டரி பேக்கப் கட்டாயம்.

மாசியில் கோனியம்மன் தேர், பங்குனியில் பண்ணாரி குண்டம், தைப்பூசத்துக்கு உடுமலை வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம். போலீஸ் மாற்றுப்பாதையை இன்று பத்திரிகைக் குறிப்பாகவும் பேரிகார்டாகவும் தருகிறது. வண்டி படிக்க அது போதாது. எந்தத் தெரு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று மேப்பில் ஏற்றும் ஒரு ஆள் கமிஷனர் அலுவலகத்தில் வேண்டும்.

கொங்கு நாட்டில் முதலில் எங்கே வரும்?

டாக்சியாக வராது. மூடிய வளாகத்திலும் சரக்கிலும்தான் முதலில். ஆஸ்திரேலியாவின் பில்பரா சுரங்கங்களில் ரியோ டின்டோவின் ஆளில்லா லாரிகள் 2008 முதல் ஓடுகின்றன. ரோட்டர்டாம் அருகே ரிவியம் தொழில்பேட்டையில் தனித்தடத்தில் ஆளில்லா வேன் ஓடத் தொடங்கியது 1999-ல். குறுக்கே யாரும் வராத இடம் என்பதுதான் இரண்டுக்கும் பொது. பெருந்துறை சிப்காட், பெரிய ஸ்பின்னிங் மில் வளாகம், கல்லூரி கேம்பஸ் எல்லாம் அந்த வகைக்குள் வரும். சோதனைக்குச் செட்டிப்பாளையத்தில் கரி ரேஸ் டிராக்கே இருக்கிறது.

பொது ரோட்டில் என்றால் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை போன்ற நீளமான ஓட்டம். ஊருக்கு வெளியே மாற்றுமையம் வரை ஆளில்லாமல், அங்கிருந்து ஊருக்குள் டிரைவரோடு. அப்படி ஒரு மையத்துக்கு இடக்கணக்கு: 18 மீட்டரை நெருங்கும் ட்ரெய்லருக்கு 4-க்கு 20 மீட்டர், 80 சதுர மீட்டர். 40 வண்டிக்கு 3,200. திரும்ப, காத்திருக்க, ஆபீஸ், சார்ஜிங் எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு, அதாவது 9,600 சதுர மீட்டர், சுமார் 2.4 ஏக்கர். சங்ககிரி, அவிநாசி பக்கம் பைபாஸ் ஓரத்தில் இந்த அளவு நிலத்தை இன்று ஒதுக்குவது சாத்தியம். மனையாகிவிட்டால் முடியாது.

நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்கள் கதி?

நெடுந்தூர ஓட்டம் குறையும். ஊருக்குள் கடைசி ஓட்டம், கட்டுமானம், பாரம் ஏற்றி இறக்கி தார்ப்பாய் கட்டுவது, போர்வெல் போடும் ரிக் வண்டி ஆகியவை நீண்டகாலம் மனிதர் கையில்தான் இருக்கும். மாற்றுமையம் எங்கே அமைகிறதோ அங்கேதான் அந்த வேலையும் போகும். அதனால் மையம் எங்கே என்பதில் லாரி உரிமையாளர்களும் டிரைவர்களும் பேச வேண்டும். வேலை போய்விடும் என்று அமைச்சர் கட்கரி சொல்லும் காரணத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரில் தூங்கிக்கொண்டே வரலாம் என்றால் எல்லோரும் ஊருக்கு வெளியே போய்விடுவார்களா?

அந்த அபாயம் உண்மையானது. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு 40 கிலோமீட்டர். ஓட்டும் அலுப்பு இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் பாரமாகத் தெரியாது. தென்னந்தோப்பு மனையாகும் வேகம் இன்னும் கூடும். குழாய், சாக்கடை, பஸ் எதுவும் போகாத இடத்தில் வீடு கட்டிவிட்டுப் பிறகு பஞ்சாயத்தைக் கேட்பார்கள். இதைத் தடுக்க வண்டிக்கு விதி போட்டுப் பயனில்லை. வேளாண் நிலத்தை மனையாக்கும் அனுமதியில்தான் பிடி இருக்கிறது.

நடந்து போகிறவர்களுக்கு நல்லதா?

இரண்டு பக்கமும் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டாது, போன் பார்க்காது. ஆனால் 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பியில் ஊபர் நிறுவனத்தின் தானாக ஓடும் சோதனை கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண்மீது மோதி அவர் இறந்தார். கிராசிங் இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்பதற்கு அந்த மென்பொருளில் இடமே வைக்கவில்லை. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா கார், வேறு வண்டி மோதி விழுந்த பெண்ணைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அந்த மாதமே அனுமதி பறிபோயிற்று.

நகர அமைப்பில் நாங்கள் பயப்படுவது வேறு ஒன்று. ஆள் முன்னால் வந்தால் வண்டி நிற்கும் என்று தெரிந்தால் எல்லோரும் இஷ்டப்படி கடப்பார்கள், வண்டி நகராது, உடனே ரோட்டோரம் முழுக்கக் கம்பிவேலி போடச் சொல்வார்கள். திருப்பூரில் ஷிப்ட் விடும் நேரத்தில் பனியன் கம்பெனியிலிருந்து வெளியே வரும் கூட்டத்தை ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போகச் சொல்ல முடியாது. வேலி போடும் திட்டம் வந்தால், ஒவ்வொரு 150 மீட்டருக்கும் தரைமட்டக் கிராசிங், ஐ.ஆர்.சி. 103 சொல்லும் 1.8 மீட்டர் தடையில்லா நடைபாதை, இரண்டையும் முதலில் கேளுங்கள்.

வால்பாறை, ஊட்டி ரோட்டில் ஓடுமா?

கடைசியாகத்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு; பனிமூட்டத்தில் லைடாரின் ஒளி துளிகளில் சிதறும்; ஏறும் வண்டிக்கு இறங்குவது வழிவிட வேண்டும், அதற்குச் சில சமயம் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். மலைக்கு இதைவிடப் பயன்படுவது அடிவாரத்து நிறுத்தம். ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது. எந்த நாளில் எத்தனை வண்டி ஏறுகிறது என்ற எண்ணிக்கை அதில் கிடைக்கிறது. அதை வைத்து மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறும் ஒரு முனையத்துக்கு எத்தனை இடம் வேண்டும் என்று கணக்கிடலாம். மேலே பார்த்த 23 சதுர மீட்டரே அதற்கும் அளவு.